சன்ஷேடுக்கு அடியில் கதண்டு கூடு: யாரைக் கூப்பிடுவது?

மாடித்தோட்டம்:

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார், நான் திருச்சியில் இருக்கிறேன். போன வாரம் ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன், கொல்லைப்பக்க ஜன்னலுக்கு மேலே சன்ஷேடுக்கு அடியில் பெரிய கதண்டு கூடு, கதண்டு என்கிற விஷக் குளவி கட்டியது. இதற்கு முன்னால் போயிருந்தபோது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, மண் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது பரங்கிக்காய் அளவு. பக்கவாட்டில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதில் போக்குவரத்து நிற்பதே இல்லை. கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பாத்திரம் கழுவும் இடம். வேலைக்கு வரும் அக்காவை ஒன்று புறங்கையில் கொட்டி, முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது. அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. லீவுக்கு என் பையனையும் அனுப்ப வேண்டும், 6 வயது.

மரம் ஏறும் ஒருவர் தீப்பந்தம் கட்டி எரித்துத் தருகிறேன், 800 ரூபாய் என்கிறார். தஞ்சாவூரில் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் 3,500 கேட்கிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கே சொல்லலாம், காசு வாங்க மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கூட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கீற்றுக் கொட்டகை, உள்ளே இரண்டு மாடு, அதை ஒட்டி வைக்கோல் போர்.

எனக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. மூன்று வருடம் முன்பு திருச்சியில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் இதே மாதிரி கூட்டுக்கு ஒரு கம்பெனி ஆளை வரவழைத்தோம். காலை பதினோரு மணிக்கு ஒரே ஆள், கையில் ஒரு ஸ்பிரேயர், தலையில் ஹெல்மெட். கீழே நின்று பீய்ச்சி அடித்தார், கூடு கொஞ்சம் பிய்ந்து விழுந்தது, அவர் ஓடிவிட்டார். மாடிப்படியில் வந்துகொண்டிருந்த மேல்வீட்டுத் தாத்தாவை நான்கு இடத்தில் கொட்டியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தக் கம்பெனி ஆளை வரவழைத்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். யாரைக் கூப்பிடுவது, வருகிறவர்களிடம் என்ன கேட்பது?

பனைவிடலி:

தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் வைக்கோல் போர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூடு முழுக்கக் காகிதம்தான், காய்ந்த மரத்தைச் சுரண்டி மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுவது. பற்றினால் ஒரு நொடியில் பிடித்துக் காற்றில் கிழிந்து பறக்கும். எங்கள் சித்தப்பா தோப்பில் தென்னையில் இருந்த கூட்டை இப்படி எரித்தார்கள். எரிகிற துண்டு பன்னாடையில் விழுந்து மரத்தின் தலையே கருகிப்போனது. கதண்டு பாதி கூட சாகவில்லை.

பூச்சிப்பையன்:

முதலில் ஒரு போட்டோ போடுங்கள், தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்தால் போதும், பக்கத்தில் போகாதீர்கள். எது என்று தெரியாமலே எல்லாவற்றையும் அழிக்கிறோம் என்பது என் வருத்தம். சுவரில் களிமண் குழாய் மாதிரி ஒட்டியிருந்தால் அது மண்குளவி. தனியாக வாழ்வது, சிலந்தியைப் பிடித்து உள்ளே அடைத்து முட்டை வைக்கும், நாம் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. அறைகள் வெளியே தெரிய, உறையில்லாமல் தாமரைக் காய் கவிழ்த்த மாதிரி சின்னதாகத் தொங்கினால் அது காகிதக் குளவி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல வருடம் உட்கார்ந்து ஆராய்ந்தது அந்த வகையில் ஒன்றைத்தான். ஆள் நடமாடாத மூலையில் இருந்தால் விட்டுவிடலாம், தோட்டத்துப் புழுவைத் தின்று தீர்க்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரே ஒரு பெரிய அடை, மேலே உயிருள்ள போர்வை மாதிரி ஈக்கள் மூடியிருந்தால் மலைத்தேனீ. அது பருவம் முடிந்தால் தானாகவே இடம் மாறிப் போய்விடும், அதற்கு மருந்து அடிப்பது பாவம், தேன் எடுக்கிறவர்களை அழையுங்கள்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால், உருண்டை உறை, ஒற்றை வாசல், வயிற்றின் முன்பாதியில் பட்டை, சந்தேகமில்லாமல் கதண்டுதான். தெற்கே கடந்தை என்பார்கள். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது, எடுக்கத்தான் வேண்டும். தேனீ ஒரு முறை கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப்போகும், இது ஒன்றே பல முறை கொட்டும். நசுக்கினாலோ கொட்டினாலோ அதிலிருந்து கிளம்பும் வாடையே மற்றதையெல்லாம் கூப்பிடும்.

மணிச்சத்தம்:

தம்பி, நான் தீயணைப்புத் துறையில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பாதிக்கு மேல் டெல்டா நிலையங்கள். நூறு நாள் வேலையில் புதர் வெட்டும் பெண்களைக் கதண்டு கடித்தது என்று வந்த அழைப்புகளை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

101 அல்லது 112-க்குப் பேசுங்கள், இல்லையென்றால் நிலையத்துக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள், ஊர்ப்பக்கத்தில் அதுதான் சுலபம். கதண்டு என்றாலும் விஷவண்டு என்றாலும் அவர்களுக்குப் புரியும். ஆனால் கூடு இருக்கிறது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிடாதீர்கள். எத்தனை அடி உயரம், பக்கத்தில் கரண்ட் ஒயர் போகிறதா, கீற்று வைக்கோல் இருக்கிறதா, வாசல் ஓட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஏற்கெனவே யாரையாவது கடித்திருக்கிறதா, இதெல்லாம் சொன்னால்தான் எந்த ஏணி, எத்தனை பேர், எரிப்பதா மருந்தா என்று கிளம்பும்போதே முடிவு செய்வார்கள். வருகிற வழியில் தீ விபத்து என்று அழைப்பு வந்தால் வண்டி அங்கேதான் திரும்பும், நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இருட்டிய பிறகுதான் வருவோம் என்பார்கள், அதற்குச் சரி சொல்லுங்கள். பகலில் கூட்டில் இருப்பது பாதிதான், மீதி இரை தேடப் போயிருக்கும். பகலில் கூட்டை எடுத்தால் வெளியே போனதெல்லாம் திரும்பி வந்து வீடு இல்லாமல் அந்த இடத்தையே சுற்றும், எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் கொட்டும். திருச்சியில் உங்கள் தாத்தாவுக்கு நடந்தது இதுதான். தண்ணீரைப் பீய்ச்சி உடைப்பதும் தப்பு. கூடுதான் உடையும், கதண்டு நனைந்துகொண்டே உயிரோடு கீழே விழும்.

அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது சிலது இருக்கிறது. சாயங்காலமே மாடுகளை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிடுங்கள், இதை எல்லோரும் மறப்பார்கள், கட்டிப்போட்ட மாடு ஓட முடியாது. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி அடையுங்கள். கொல்லை விளக்கு, சமையலறை விளக்கு இரண்டையும் அணையுங்கள், வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் அது பறந்து வரும். டார்ச் வேண்டுமென்றால் முன்னால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கூடு இருக்கும் சுவரில் ஏணியைச் சாத்தாதீர்கள், ஒரு தட்டு போதும், அந்த அதிர்வு உள்ளே போய்விடும். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை வாசலோடு நிறுத்துங்கள், எனக்குக் கதண்டை விட அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

எங்கள் காலத்தில் நீள மூங்கிலில் சாக்கு சுற்றி எரித்திருக்கிறோம், மறுக்கவில்லை. அதெல்லாம் வயலில் தனியாக நிற்கும் பனைமரத்தில். வீட்டுச் சுவரில், கீற்றுக்குப் பக்கத்தில், நாங்களே செய்ய மாட்டோம்.

கீழவீதி:

குறுக்கே ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போய்வருகிறது, கூடு வெளியே தெரியவில்லை. ராத்திரியில் எல்லாம் உள்ளே போன பிறகு சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் என்ன?

வெள்ளை_அங்கி:

கீழவீதி, தயவுசெய்து அடைக்காதீர்கள். மரத்தையே சுரண்டுகிற வாய் அது, இன்னொரு வழி கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அந்த வழி உங்கள் அறைக்குள்தான் திறக்கும். மருந்து போட்டு எல்லாம் செத்து, கூட்டையும் எடுத்த பிறகுதான் அடைப்பு.

நான் கோயம்புத்தூரில் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன், சொந்தமாகத்தான். மாடித்தோட்டம், உங்கள் ஊரில் தீயணைப்பு நிலையம் பக்கத்தில் இருந்தால் அவர்களையே கூப்பிடுங்கள், என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன். நகரத்தில் உடனே வர முடியாத நேரத்திலும், சுவருக்குள் பொய்க் கூரைக்குள் இருக்கும் கூட்டுக்கும்தான் எங்கள் மாதிரி ஆட்கள் தேவை.

கம்பெனியைக் கூப்பிடுவதாக இருந்தால் போனிலேயே கேட்டுவிடுங்கள். உரிமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் காசு வாங்கி மருந்து அடிக்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும், நகலைக் காட்டச் சொல்லுங்கள், நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேளுங்கள், காலை பத்து மணி என்றால் போனை வைத்துவிடலாம். எத்தனை பேர், என்ன உடை, என்ன மருந்து, கூட்டை எடுத்துப் போவீர்களா, இரண்டு நாள் கழித்து ஒரு முறை வந்து பார்ப்பீர்களா. மருந்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரை நம்பாதீர்கள். டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் தடை, இன்னமும் பழைய டப்பாவை வைத்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டுச் சுவரில் அடிக்கக் கூடாது, அதுவும் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே.

நாங்கள் செய்வது இப்படி. இரண்டு பேர், கட்டாயம் இரண்டு பேர். தேனீ வளர்ப்பவர்கள் போடும் மெல்லிய அங்கி கதண்டுக்குப் போதாது, கொடுக்கு துணியைத் தாண்டி வரும், அதனால் உள்ளே தடித்த ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, முகவலை தோலில் படாதபடி உள்ளே தொப்பி. பேண்ட் நுனியும் கையுறை விளிம்பும் டேப் போட்டு ஒட்டுவோம். வாசல் ஓட்டையில் நீளக் குழாய் வைத்து பைரித்ராய்டு வகைத் தூள் மருந்தை, டெல்டாமெத்ரின் அல்லது பெர்மெத்ரின், உள்ளே ஊதிவிட்டு உடனே மருந்தில் நனைத்த பஞ்சால் வாசலை அடைத்துவிடுவோம். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், கொதிக்கிற குக்கர் மாதிரி. பத்து நிமிடத்தில் குறையும், ஆனாலும் அரைமணி நேரமாவது தொட மாட்டோம். பிறகு தடித்த பையைக் கீழேயிருந்து மேலே போர்த்தி, சுவரோடு ஒட்டியிருக்கும் காம்பைப் பட்டி பார்க்கும் தகட்டால் அறுத்து, பைக்குள் இறக்கிக் கட்டிவிடுவோம். கூடு உடையாமல் வந்தால்தான் அது நல்ல வேலை.

இரண்டு ஆள், இரவு வேலை, மறுபடி வந்து பார்ப்பது, இதெல்லாம் சேர்த்து 3,500 என்றால் அதிகம் இல்லை. ஒரே ஆள் பகலில் வருவதற்கு 500 கொடுத்தாலும் அதிகம்.

இரவு_டூட்டி:

நான் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு செவிலியர். கூட்டை எடுப்பது பற்றி எனக்குத் தெரியாது, எடுக்கப் போய் வருகிறவர்களைத் தெரியும்.

கொட்டினால் முதலில் அங்கிருந்து ஓடி ஏதாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கையை வீசாதீர்கள், கிணற்றில் குளத்தில் குதிக்காதீர்கள், தலை வெளியே வரும்போது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மோதிரம், வளையல், கொலுசு உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணி எதுவும் வேண்டாம்.

ஒன்று இரண்டு கொட்டி அந்த இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. ஆனால் உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இழுப்பு, குரல் கம்முவது, வாந்தி, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் 108-க்குப் பேசிவிட வேண்டும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, பெரியவர்களுக்கு அரை மில்லி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள், பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று அதைத் தாண்டிப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

நிறைய இடத்தில் கொட்டியிருந்தால், வலி குறைந்துவிட்டது என்று அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. விஷம் தசையைச் சிதைத்து அது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட வரும். சிறுநீர் கறுப்புக் காபி மாதிரி வந்தாலோ, அளவு குறைந்தாலோ உடனே திரும்பி வர வேண்டும். டயாலிசிஸ் வரைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், சரியான நேரத்தில் வந்தவர்கள் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அண்ணா, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அந்த அக்காவை, முன்பைவிட இப்போது அதிகமாக வீங்கியதா என்று ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை கொட்டினால் இதே அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கொழுந்துக்கூடை:

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குளவிக் கொட்டு என்பது செய்தி இல்லை, மலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது. தேயிலைச் செடிக்குள் கூடு இருக்கும், கொழுந்து பறிக்கிற கை போய்ப் பட்ட பிறகுதான் தெரியும். நிரையில் நிற்கிற அத்தனை பேரையும் கொட்டும், கூடை தலையில் மாட்டியிருக்க ஓடவும் முடியாது, சரிவு. வீட்டுச் சுவரில் இருப்பதை முன்னாலேயே கண்டுவிட்டீர்கள் அண்ணன், அதுவே பெரிய விஷயம். எடுக்கும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

மாடித்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் இரவு எடுத்தாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

மணிச்சத்தம் ஐயா சொன்னபடி நிலையத்துக்கு நேரில் போனேன். போட்டோவைக் காட்டினேன், வைக்கோல் போர் என்றதுமே மருந்துதான் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், வேறு ஒரு அழைப்புக்குப் போய்விட்டு எட்டேகாலுக்கு வந்தார்கள், நான்கு பேர். இறங்கியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி மாடு எங்கே என்பதுதான். நான் ஐந்து மணிக்கே அவிழ்த்துக் கோயில் திடலில் கட்டிவிட்டிருந்தேன்.

இரண்டு பேர் அங்கி போட்டுக்கொண்டார்கள். கால் வரைக்கும் டேப் ஒட்டினார்கள், வெள்ளை_அங்கி சொன்னது அப்படியே. ஏணியைச் சுவரில் சாத்தாமல் தனியாக நிற்கிற மடக்கு ஏணியைக் கொண்டுவந்திருந்தார்கள். நானும் அம்மாவும் உள்ளே, கண்ணாடி ஜன்னல் வழியாகச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தோம். வாசலில் காவலுக்கு நான்கைந்து கதண்டு உட்கார்ந்திருந்தது, தலையை வெளியே நீட்டியபடி. குழாய் பட்டதும் அந்தச் சத்தம், குக்கர் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு வைக்கோலில் மழை கொட்டுகிற மாதிரி கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று வெளியே வந்து முகவலையில் மோதியது, அவர் அசையவே இல்லை, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பையில் இறக்கினார்கள். கேட்டதற்காக ஒரு நிமிடம் பையைத் திறந்து காட்டினார்கள். வெளியுறை சாம்பலும் பழுப்புமாக வரிவரியாக, ஆற்று மணலில் தண்ணீர் ஓடிக் காய்ந்த மாதிரி. உடைந்த ஓரத்தில் உள்ளே ஐந்து மாடி அடை, ஒன்றுக்குக் கீழ் ஒன்று, அறைகள் எல்லாம் கீழ்நோக்கி, பாதி அறைகள் வெள்ளைப் பட்டு மூடி போட்டிருந்தன. அழகான வேலை, பூச்சிப்பையன் வருத்தப்படுவது புரிகிறது.

பக்கத்து வீட்டம்மா அந்தப் புழுவைக் கோழிக்குப் போடலாமே என்று கேட்டார். மருந்து ஏறியது, கோழி செத்துவிடும் என்று அவர்களே தடுத்து, தோட்டத்துக் கோடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்கள். டீ மட்டும் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் வெளியே தங்கிவிட்ட கதண்டு பதினொன்று எண்ணினேன், கூடு இருந்த இடத்தையே முட்டி முட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, பாத்திரம் முன்வாசல் குழாயில் கழுவினோம். சாயங்காலம் நான்குதான் மிச்சம் இருந்தது. இன்று காலை ஒன்றுகூட இல்லை. சுவரில் தட்டு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, மேஸ்திரி வந்து சுரண்டிப் பூசுகிறேன் என்றிருக்கிறார். வேலைக்கு வரும் அக்காவை மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு நாளை நானே கூட்டிப் போகிறேன்.

கீழவீதி, உங்கள் ஓட்டுச் சந்து என்னவாயிற்று? இன்னும் அடைக்கவில்லையே?

கீழவீதி:

அடைக்கவில்லை. சிமெண்ட் மூட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு நாளை காலையில் நிலையத்துக்குப் போகிறேன். மாடு இல்லை, ஆனால் ஆடு மூன்று இருக்கிறது, சாயங்காலமே அவிழ்த்துவிடுவேன்.